அடுத்து எந்த மொழி: ஜாவாவா, பைத்தானா, டைப்ஸ்கிரிப்டா, கோவா?

போன பொங்கலுக்கு முதலியார்பேட்டையில் பெரியம்மா வீட்டில் கூடியிருந்தோம். கரும்பு கடித்துக்கொண்டிருந்த சித்தி மகள் திடீரென்று, "அண்ணா, வேலைக்குப் போகணும்னா அடுத்து எந்த லாங்குவேஜ் கத்துக்கட்டும்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். "பிரெஞ்சு கத்துக்கடி. எதிர் வீட்டு சொல்தா போய்ச் சேர்ந்து பதினஞ்சு வருஷமாச்சு, ஆயாவுக்கு இன்னும் பிரான்சுலேருந்து பென்சன் வருது."

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரை பாண்டியில் சொல்தா என்பார்கள். மொழி, வேலை இரண்டையும் சேர்த்துப் பேசினால் பழைய ஆட்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். அவள் கேட்டதோ கணினி நிரல் எழுதும் மொழியை. எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா முறைத்தார்.

அடுத்த ஒன்றரை மாதத்தில் இதே கேள்வியை இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவன் ரெட்டியார்பாளையத்தில் ஒரு சின்ன வெப் கம்பெனியில் பி.எச்.பி. மொழியில் வெப்சைட் எழுதும் நண்பன். இன்னொருவர் கடலூரில் என் எதிர் வீட்டு அண்ணன். சிப்காட்டில் இன்ஸ்ட்ருமென்டேஷன் (ஆலையின் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும்) வேலை, வயது நாற்பத்தொன்று. மூவருக்கும் மூன்று பதில் சொன்னேன். "ஆளைப் பாத்துப் பலன் சொல்ற ஜோசியக்காரன்டா நீ" என்றான் நண்பன். அப்படியே இருக்கட்டும். எந்தக் கட்டத்தைப் பார்த்து அந்தப் பலனைச் சொன்னேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

என் ஜாதகம் இரண்டு வரி. 2012-இல் பாண்டியில் பி.எச்.பி.யில் ஆரம்பித்தேன், பிறகு ஏழு வருடம் சென்னை ஓ.எம்.ஆரில் ஜாவா. கொரோனாவுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்தவன் திருப்பாதிரிப்புலியூரிலேயே தங்கிவிட்டேன். இப்போது வீட்டிலிருந்தே வேலை. பகலில் ஜாவா, கொஞ்ச காலமாக கோ மொழியும்.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் முதலில் போய்ப் பார்ப்பது "டாப் 10 மொழிகள்" பட்டியலைத்தான். நானும் பார்ப்பேன். நிரல் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2024 கருத்துக் கணிப்பில் அதிகம் பேர் பயன்படுத்துவது ஜாவாஸ்கிரிப்ட், நூற்றுக்கு 62 பேர், பைத்தானும், தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் எஸ்.க்யூ.எல்.லும் 51-ஐ ஒட்டி. அதே வருடம், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பைத்தான் ஜாவாஸ்கிரிப்டை முந்தியது. அடுத்த வருடமே டைப்ஸ்கிரிப்ட் அதையும் முந்திவிட்டது. வருடா வருடம் நாற்காலி மாறும் பட்டியலை நம்பி ஆறு மாத உழைப்பைக் கொட்ட முடியுமா? இன்னொரு கூத்தும் உண்டு. எழுதுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த மொழி எது என்ற கேள்வியில் 2016 முதல் ரஸ்ட்தான் தொடர்ந்து முதலிடம். ஆனால் படிப்பை முடித்தவுடன் ரஸ்ட் வேலை என்று சென்னையில் தேடிப் பாருங்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரே புகழ்கிற மாப்பிள்ளைக்கு வேலை இல்லாத கதை.

நான் பார்ப்பது வேறு விஷயங்கள். இந்த ஆள் எந்த ஊர் இன்டர்வியூவில் போய் உட்காரப் போகிறார்? அங்கே இவருக்கு முன்னால் இதே தகுதியோடு எத்தனை பேர் நிற்பார்கள்? இப்போது கையில் இருக்கும் வேலையில் எந்தப் பகுதி புது மொழிக்கும் கூடவே வரும்? மூன்றாவதுதான் பலரும் மறப்பது. பத்து வருட அனுபவத்தைக் கழற்றி வைத்துவிட்டு இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில் போய் உட்காருவார்கள்.

படித்து முடிப்பவருக்கு: பைத்தானா ஜாவாவா

சித்தி மகள் பி.இ. கடைசி வருடம். அவளுக்குப் பைத்தான் தெரியும். அங்கேதான் சிக்கல். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளை பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் படித்துவிடுகிறது. சி.பி.எஸ்.இ.யிலும் பைத்தான்தான். கல்லூரியில் மறுபடியும் பைத்தான். ஆக வரிசையில் நிற்கும் அத்தனை பேர் கையிலும் அந்தச் சீட்டு இருக்கிறது.

போதாக்குறைக்குப் பாண்டியில் ஒரு பயிற்சி மையத்தில் டேட்டா சயின்ஸ் என்று நாற்பதாயிரம் கட்டியிருக்கிறாள். மூன்று மாதம், இரண்டு ப்ராஜெக்ட். ஒன்று டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார்கள் என்று கணிப்பது. இன்னொன்று ஐரிஸ் பூ: ஃபிஷர் 1936-இல் தன் ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்திய 150 பூக்களின் இதழ் அளவுகள், மூன்று வகை, வகைக்கு ஐம்பது. கற்றுக்கொள்ள நல்ல தரவுகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இன்டர்வியூ எடுக்கும் இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு ரெஸ்யூமிலும் டைட்டானிக் முழுகிக்கொண்டே இருக்கும். ஏழாவது முறை முழுகும்போது யாருக்கும் பரிதாபம் வராது.

பைத்தான் மோசமான மொழி என்று சொல்ல வரவில்லை. கிடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்டது. கிட்டத்தட்ட ஜாவாவின் வயசுதான், ஆனால் இன்றைய செயற்கை நுண்ணறிவு வேலை முழுக்க அதன் தோளில்தான் நடக்கிறது. என் சந்தேகம் புதிதாகப் படித்து வருகிறவருக்கு அங்கே இடம் எவ்வளவு என்பதில். மாடல் பழக்குவது, தரவு ஆராய்ச்சி என்று வரும் விளம்பரங்களில் பெரும்பாலும் முதுகலை கேட்பார்கள், இல்லையென்றால் மூன்று வருட அனுபவம். புதியவர் பைத்தானோடு நுழையக்கூடிய வாசல் மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் டெஸ்டிங் ஆட்டோமேஷன், பிறகு தரவைத் துடைத்து ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஏற்றும் டேட்டா இன்ஜினியரிங். இரண்டாவதற்குப் பைத்தானைவிட எஸ்.க்யூ.எல். முக்கியம். அது 1970-களில் ஐ.பி.எம்.மில் பிறந்தது. ஐம்பது வருடமாக அதைத் தூக்கிவீசப் பலர் முயன்றும் அது அசையவில்லை.

ஜாவா கதை வேறு. 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸிலிருந்து வந்தது, 2010-இல் கம்பெனியோடு சேர்த்து ஆரக்கிள் கைக்குப் போனது. பேங்க், இன்சூரன்ஸ், டெலிகாம் என்று 2000-களில் எழுதிக் குவித்த பின்னணி மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2014-இல் வந்த ஜாவா 8-இலேயே நின்றுவிட்ட இடங்களும் ஏராளம். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பழைய பதிப்பிலிருந்து 17-க்கும் 21-க்கும் ஏற்ற ஆள் வேண்டும். பளபளப்பு இல்லாத வேலை. ஆனால் புதியவர்களைக் கூட்டமாக எடுத்துப் பழக்குவதும் இந்த வேலைக்குத்தான். சோஹோ மாதிரி நம் பக்கத்து ப்ராடக்ட் கம்பெனியிலும் பெரும்பகுதி ஜாவாதான்.

"ஒரு வரி பிரின்ட் பண்ண அஞ்சு வரி எழுதணுமே அண்ணா" என்று முகம் சுளித்தாள். உண்மைதான், வளவளா மொழி. பதிப்பு 10-க்குப் பிறகு மெல்ல மெல்லக் கொஞ்சம் இளைத்திருக்கிறது. ஆனால் அந்த வளவளப்பில் ஒரு லாபம் உண்டு. எந்த மாறியில் எண், எதில் எழுத்து என்று முதலிலேயே சொல்லிப் பழகியவருக்கு கோட்லின், சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் எல்லாம் பக்கத்துத் தெரு. பைத்தானில் மட்டுமே பழகியவருக்கு அந்தத் தெருவுக்குப் போகக் கொஞ்சம் சுற்று அதிகம்.

இன்னொரு நடைமுறை. பெரிய சேவை நிறுவனங்களின் நுழைவுத் தேர்வில் சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் எதில் வேண்டுமானாலும் எழுதலாம் என்பார்கள். தேர்வில் நேரம்தான் பணம். அங்கே சுருக்கமான பைத்தானிலேயே எழுதட்டும். அடுத்த கட்டத்தில் எதிரே ஒரு ஆள் உட்காரும்போதுதான் ஜாவா கைகொடுக்கும். சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் ஹாஷ்மேப் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கேட்காத ஜாவா இன்டர்வியூவை நான் பார்த்ததில்லை. சாவியிலிருந்து ஹாஷ் எண் கணக்கிட்டு ஒரு பக்கெட்டில் போடும், இரண்டு சாவி ஒரே பக்கெட்டில் விழுந்தால் சங்கிலியாகக் கோக்கும் என்பது வரை எல்லோரும் சொல்வார்கள். ஜாவா 8-இலிருந்து அந்தச் சங்கிலி எட்டைத் தாண்டி நீண்டால், அட்டவணையும் போதுமான அளவு பெரிதாக இருந்தால், அது மரமாக மாறும் என்று சேர்த்துச் சொல்கிறவரைப் பார்த்து எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். சொன்னதற்குக் காரணமும் தெரிந்திருக்க வேண்டும்: சங்கிலியில் ஒவ்வொன்றாகத் தேடும் நேரத்தை மரம் குறைக்கிறது.

தேர்வாகிவிட்டாலும் பயிற்சி முடிந்ததும் எந்த ப்ராஜெக்டில் போடுவார்கள் என்பது அவர்கள் கையில். ஜாவா படித்தவளை மெயின்ஃப்ரேம் என்ற பழைய பாணிப் பெருங்கணினிப் பக்கம் தள்ளினாலும் ஆச்சரியமில்லை. 1959-இல் பிறந்த கோபால் (COBOL) மொழிக்கு இன்றும் ஆள் எடுக்கிறார்கள். அதற்காக யாரும் காசு கட்டிக் கோபால் படிக்கவேண்டாம், வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே அவளுக்கு என் பதில்: ஜாவா, கூடவே எஸ்.க்யூ.எல்., பிறகு ஜாவாவில் வெப் சர்வீஸ் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட். ஆறு மாதம். டைட்டானிக்கை விட்டுவிட்டு, லாஸ்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் மளிகைக் கடையின் கடன் நோட்டை மென்பொருளாக்கச் சொன்னேன். யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார், பாக்கி எவ்வளவு. கேட்க அற்பமாகத் தெரியும். பேங்க் மென்பொருளின் முதுகெலும்பும் அதுதான்.

ஒரு விதிவிலக்கும் சொன்னேன். கணக்கு உண்மையிலேயே பிடித்து, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் எம்.எஸ்சி. மாதிரி மேலே படிக்கப் போவதாக இருந்தால் ஜாவாவை மறந்துவிட்டுப் பைத்தானிலேயே ஆழமாக இறங்கலாம். "கணக்கா? ஐயோ" என்றாள். முடிந்தது பேச்சு.

நடுவில் அவள் கேட்ட கேள்வி இன்னொன்று, எல்லோர் மனதிலும் இருப்பது. "எல்லாத்தையும் ஏ.ஐ. எழுதிடுதே, நான் எதுக்குக் கத்துக்கணும்?" நிரல் எழுதித் தரும் கோபைலட்டின் முன்னோட்டம் வந்தது 2021 ஜூனில், சாட் ஜி.பி.டி. 2022 நவம்பரில். அதற்குப் பிறகு இலக்கணம் தெரிவதற்கு விலை விழுந்துவிட்டது உண்மை. நான் இப்போது இன்டர்வியூவில் "எழுது" என்பதைக் குறைத்துவிட்டேன். முப்பது வரி கொடுத்து, "இதில் என்ன தப்பு" என்கிறேன். இயந்திரம் எழுதியதைச் சரிபார்க்கும் இடத்தில் மனிதர் நிற்கும்போது, நிரலை மொழிபெயர்க்கும்போதே தப்பை முன்கூட்டியே பிடித்துத் தரும் கம்பைலர் கூட நிற்பது பெரிய துணை. வகை சொல்லி எழுதும் மொழிகள் பக்கம் நான் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பி.எச்.பி. நண்பனுக்கு

இவன் கதைதான் எனக்கு மிகவும் சுவாரசியம். பதினோரு வருடம் பி.எச்.பி. "செத்த மொழிடா இது, கோ கத்துக்கட்டுமா, பைத்தான் கத்துக்கட்டுமா?" என்று வந்தான். பி.எச்.பி.க்கு இறுதிச் சடங்கு நடத்துவது இணையத்தில் ஒரு பொழுதுபோக்கு. பிணம் மட்டும் எழுந்து நடமாடிக்கொண்டே இருக்கும். 2015-இல் வந்த பதிப்பு 7 வேகத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியது, 2020-இல் 8 வந்தது. உலகத்து வெப்சைட்டுகளில் பத்துக்கு நான்குக்கு மேல் வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகின்றன, அந்த வேர்ட்பிரஸ் பி.எச்.பி.யில் எழுதியது.

அவனுடைய கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் பிரான்சில். பாண்டியில் இது புதிதல்ல. அவன் தினமும் கை வைக்கும் சிம்ஃபோனி 2005-இல் பிரான்சில் பிறந்த ஃபிரேம்வொர்க், அதாவது மென்பொருள் கட்ட ஆயத்தமான சட்டகம். ஆன்லைன் கடை போடும் பிரெஸ்டாஷாப்பும் 2007-இல் பாரிசில் பிறந்தது. இரண்டும் பி.எச்.பி. அந்த நாட்டுச் சின்னக் கடைக்காரர்கள் பலர் இன்றும் அவற்றில்தான் கடை நடத்துகிறார்கள். இவன் பகல் பன்னிரண்டரைக்கு வேலை தொடங்குவான். கோடையில் அங்கே அப்போது காலை ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. இப்படி ஒரு சந்தையை, நேரப் பழக்கத்தை, பதினோரு வருட அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கோ படித்துவிட்டு ஓ.எம்.ஆரில் புதிதாகப் போய் நிற்பதா?

பைத்தானும் அவனுக்குப் பெரிதாக எதையும் கூட்டித் தராது. பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ கற்றுக்கொண்டால் பி.எச்.பி.யில் செய்யும் அதே வேலையை வேறு மொழியில் செய்வான்; சம்பளம் நகராது. அவனிடம் இல்லாதது பிரவுசர் பக்கம். இன்னும் ஜேக்வெரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறான். அங்கேதான் டைப்ஸ்கிரிப்ட்.

ஜாவாஸ்கிரிப்டை பிரெண்டன் ஐக் 1995-இல் பத்து நாளில் எழுதினார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. பத்து நாள் சமையலின் பச்சை வாசனை இன்னும் போகவில்லை: "ஒன்றுமில்லை" என்பதன் வகை என்ன என்று கேட்டால் "பொருள்" என்று பதில் சொல்லும் மொழி அது. திருத்தினால் பழைய வெப்சைட்டுகள் உடையும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் மேல் வகைச் சரிபார்ப்பைப் போர்த்தி மைக்ரோசாஃப்ட் 2012-இல் வெளியிட்டதுதான் டைப்ஸ்கிரிப்ட். எழுதும்போது காவல் காக்கும், கம்பைல் ஆனதும் வகைகளெல்லாம் உதிர்ந்து வெறும் ஜாவாஸ்கிரிப்டாக பிரவுசருக்குப் போகும். வடிவமைத்தவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். டர்போ பாஸ்கல், டெல்ஃபி, சி ஷார்ப் என்று அதற்கு முன்பே ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டவர்.

நண்பனுக்கு இதில் இரண்டு வசதி. லாராவெல், சிம்ஃபோனி என்ற பி.எச்.பி. ஃபிரேம்வொர்க்குகளில் ஏற்கனவே கிளாஸ், இன்டர்ஃபேஸ் எழுதிப் பழகியவன். இலக்கணம் அந்நியமாக இருக்காது. இரண்டாவது, வாடிக்கையாளரை மாற்றவே வேண்டாம். அதே பிரெஞ்சுக் கடைக்காரருக்கு முன்பக்கத்தை ரியாக்ட், வ்யூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் ஒன்றில் புதுசாகக் கட்டித் தரலாம். படிப்புச் செலவை வேலையே கொடுத்துவிடும்.

எச்சரிக்கை ஒன்று. மொழியைவிட அதைச் சுற்றியிருக்கும் சாமான்கள்தான் ஆளைக் கொல்லும். ஒரு ப்ராஜெக்டைத் திறந்தால் பில்ட் கருவி ஒன்று, டெஸ்ட் கருவி ஒன்று, நூற்றுக்கணக்கான பேக்கேஜ். இரண்டு வருடத்தில் பாதி மாறிவிடும். பொறுமை இல்லாதவருக்கு இந்தப் பக்கம் சரிவராது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் கேட்டேன்: "கிளையன்ட்கிட்ட யாருடா பேசறது?" அதற்குத் தனியாக பிரெஞ்சு தெரிந்த ஒருவர் இருக்கிறாராம், சம்பளம் இவனைவிடக் கூட. அவர் லீவு போட்டால் வேலை நின்றுவிடுமாம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது அவன் ராத்திரியில் டைப்ஸ்கிரிப்ட், சனி ஞாயிறு பிரெஞ்சு வகுப்பு. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது பதிலே பேசவில்லை, காப்பியில் மட்டும் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

சிப்காட் அண்ணனுக்கு

எதிர் வீட்டு அண்ணன் இருபது வருடமாக வால்வு, டிரான்ஸ்மிட்டர், ஆலை இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்ற சின்னக் கணினி என்று வாழ்கிறவர். மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான், தானும் ஐ.டி.க்கு மாறிவிடலாமா என்று யோசனை. யாரோ ஜாவா ஃபுல் ஸ்டாக் (முன்பக்கம், பின்பக்கம் இரண்டும்) என்று ஆசை காட்டியிருக்கிறார்கள்.

"அண்ணே, நாப்பத்தொரு வயசுல என் தங்கச்சியோட வரிசையில போய் நிக்கப் போறீங்களா?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. ஆனால் அவரிடம் இருப்பது அவளிடம் இல்லையே. ஒரு ரியாக்டரின் வெப்பநிலை வரைபடத்தைப் பார்த்து, இது சென்சார் கோளாறா நிஜமாகவே சூடா என்று அரை நிமிடத்தில் சொல்வார். அதை எந்த வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

பி.எல்.சி.யில் அவர் போடுவது பெரும்பாலும் லேடர். படிக்கட்டு மாதிரி வரைவது. ஐ.இ.சி. 61131-3 என்ற தரநிலையில் அதோடு ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்றொரு மொழியும் உண்டு, பார்க்கப் பாஸ்கல் மாதிரி. அதில் அவருக்குக் கை பழகியிருக்கிறது. இஃப், ஃபார் எல்லாம் தெரியும் என்று அர்த்தம். தனக்கு நிரல் எழுதத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது!

அவருக்குச் சந்தேகமே இல்லாமல் பைத்தான். சித்தி மகளுக்கு வேண்டாம் என்ற அதே பைத்தான். ஷிஃப்ட் முடிவில் ஆலையைக் கண்காணிக்கும் ஸ்காடா மென்பொருளிலிருந்து எண்களை எடுத்து எக்செல்லில் ஒட்டி ரிப்போர்ட் செய்ய ஒரு மணி நேரம் போகிறதாம். 1979-இல் வந்த மோட்பஸ் நெறிமுறை இன்னும் அந்த மீட்டர்களில் பேசிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்கப் பைத்தானில் இலவச நூலகங்கள் உண்டு. பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தை வைத்து ஒரு மாதத் தரவை நொடியில் அலசலாம். ஒரே போட்டி சி ஷார்ப். தொழிற்சாலை மென்பொருள் பலவும் விண்டோஸில், சி ஷார்ப் ஓடும் டாட் நெட் தளத்தில் எழுதியவை. ஆனால் அதில் ஒரு பயனைக் கண்ணால் பார்க்க மூன்று மாதம் ஆகும், பைத்தானில் மூன்றாவது ஞாயிறே ஒரு ரிப்போர்ட் வந்துவிடும். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு அந்த வித்தியாசம்தான் படிப்பைத் தொடர வைக்கும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல நினைத்தேன், அவரே எனக்கு முன்னால் சொல்லிவிட்டார். "எண்களைப் படிக்கறதோட சரி தம்பி, பி.எல்.சி.யில எதையும் எழுதற வேலையே கிடையாது." ஆபத்தான இயக்கத்தைத் தடுக்கும் இன்டர்லாக்கும் அவசர நிறுத்தமும் பி.எல்.சி.யிலேயே இருக்கட்டும். கெமிக்கல் பிளான்ட்டில் சோதனை செய்து பார்க்கும் பழக்கம் ஆகாது.

நான் எடுத்தது

எனக்கும் இதே கேள்வி இருந்தது, கோவா ரஸ்ட்டா என்று. (கோவா என்றதும் வீட்டில் லீவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று நினைத்தார்கள்.)

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிப் பக்கம் கரையேறியது. பாண்டியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூர்ப் பக்கமும் வெள்ளம். கரண்டும் நெட்டும் வருவதும் போவதுமாக இருந்த அந்த நாட்களில் இன்வெர்ட்டரில் லேப்டாப்பை மட்டும் உயிரோடு வைத்திருந்தேன். ரஸ்ட்டை நிறுவினால் அதன் ஆவணம் முழுக்கக் கணினியிலேயே இறங்கிவிடும், நெட் வேண்டாம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து "ஓனர்ஷிப்" படித்தேன். ஒரு நேரத்தில் ஒரு தரவுக்கு ஒரே சொந்தக்காரன், மற்றவர்கள் இரவல் வாங்கலாம், இரவல் கொடுத்திருக்கும்போது சொந்தக்காரன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இந்த விதியைக் கம்பைலரே காவல் காப்பதால் நினைவகத் தப்புகளில் பெரும்பகுதி எழுதும்போதே செத்துவிடும். அழகான யோசனை. லினக்ஸ் கெர்னலே 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் ரஸ்ட்டுக்குக் கதவு திறந்தது.

ஆனாலும் எடுத்தது கோ. காரணம் காதல் இல்லை, பக்கத்து வீட்டுச் சங்கதி. என் ஜாவா சர்வீஸ்கள் ஓடுவது, மென்பொருளைப் பொட்டலம் கட்டி சர்வர்களில் ஓட்டும் டாக்கரிலும் குபெர்னெடீஸிலும். இரண்டும் கோ மொழியில் எழுதியவை, சர்வர்களை அமைத்துத் தரும் டெர்ராஃபார்மும் அப்படியே. ராத்திரி இரண்டு மணிக்கு எது உடைந்தாலும் கடைசியில் கோ கோடைத்தான் படிக்க வேண்டியிருக்கும். கோ மொழியைக் கூகுள் 2009-இல் அறிவித்தது. உருவாக்கிய மூவரில் ஒருவர் யூனிக்ஸ் எழுதிய கென் தாம்ப்சன். மொத்தமே 25 சாவிச் சொற்கள். இரண்டு வாரத்தில் வேலைக்கு ஆகும் அளவு வந்துவிட்டது. ரஸ்ட்டில் இரண்டு மாதத்துக்குப் பிறகும் கம்பைலரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னாலும் "பிழை வந்ததா" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும், மூன்று வரிக்கு ஒரு முறை. பல வகைத் தரவுக்கும் ஒரே நிரல் எழுத உதவும் ஜெனரிக்ஸ் வர 2022 ஆகிவிட்டது. ஆனால் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரையே கோவுக்கு மாற்றி எழுதுகிறோம், பத்து மடங்கு வேகம் என்று ஹெய்ல்ஸ்பெர்க் 2025 மார்ச்சில் அறிவித்தபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். சொந்தக்காரப் பையன் பாஸானது போல. புதியவருக்குக் கோ சொல்லமாட்டேன். அந்த வேலைகளில் பெரும்பாலும் கேட்பது, ஏற்கனவே ஒரு பின்னணி மொழியில் அடிபட்டவரைத்தான்.

மற்றவற்றை இரண்டு வரியில் தாண்டிவிடலாம். ஆண்ட்ராய்டு செயலிதான் ஆசை என்றால் கோட்லின். கூகுள் 2019-இலேயே அதற்கு முதலிடம் கொடுத்துவிட்டது, ஜாவா தெரிந்தவருக்குச் சில வாரம் போதும். ஃப்ரெஷ்வொர்க்ஸ் ரூபி ஆன் ரெயில்ஸில்தான் தொடங்கியது, ஆனால் இன்று புதிதாக ரூபி தொடங்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சி, சி பிளஸ் பிளஸ் என்பது வண்டி, சிப், மின்சாதனம் பக்கம் போகிறவர்களுக்கு. அவர்கள் பெரும்பாலும் ஈ.சி.இ.காரர்கள், இந்தக் கேள்வியோடு என்னிடம் வருவதில்லை.

ஊர்க் கணக்கு ஒன்று பாக்கி. பாண்டியிலிருந்து சென்னை 150 கிலோமீட்டருக்கு மேல். திங்கட்கிழமை விடிகாலை ஈ.சி.ஆர். பஸ்ஸில் லேப்டாப் பையை மடியில் வைத்துத் தூங்கும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும், முதல் வேலை பெரும்பாலும் அங்கேதான். வீட்டிலிருந்தே வேலை என்பது நாலைந்து வருடம் ஒரு ஆபீஸில் அடிபட்ட பிறகு கிடைக்கும் சலுகை. ஆகவே படித்து முடிப்பவர் சென்னையில் எந்த மொழிக்கு அதிக நாற்காலி என்று பார்க்க வேண்டும், நண்பன் பாரிசைப் பார்க்க வேண்டும், எதிர் வீட்டு அண்ணன் சிப்காட் இருக்கும் குடிகாட்டைத் தாண்டிப் பார்க்கவே வேண்டாம்.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்குச் சித்தி மகளிடமிருந்து மெசேஜ். "அண்ணா, கடை நோட்டுல ரெண்டு பேர் ஒரே நேரத்துல காசு கட்டினா, ஒருத்தர் கட்டின பணம் காணாம போயிடுது. பைத்தான்ல எழுதியிருந்தா இப்படி ஆகியிருக்காதுல்ல?"

ஆகியிருக்கும். "ட்ரான்சாக்ஷன், லாக்னு தேடிப் படி. காலையில போன் பண்றேன்" என்று பதில் போட்டேன். பக்கத்தில் ஒரு அழுகிற பொம்மையை அனுப்பினாள்.